சட்டை முதுகில் அப்பா பெயர்

போன இதழில் டென்மார்க் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் பற்றி, "அப்பா பீட்டர் ஷ்மைக்கேலின் நிழலில் வளர்ந்து தனக்கென்று ஓர் இடம் பிடித்தவர்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த வாரம் முழுக்க அப்பா-பிள்ளை கதைதான்.

"தனக்கென்று ஓர் இடம்" என்றெல்லாம் அளக்காதீர்கள். பீட்டரின் மகன் இல்லையென்றால் காஸ்பரை எந்த கிளப் சீண்டியிருக்கும்? சுத்தமான சிபாரிசு கேஸ். — வாசகர், கோவை

சிபாரிசு இருந்தது, இல்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். 2002ல் மான்செஸ்டர் சிட்டி தன் இளைஞர் அணியில் காஸ்பரைச் சேர்த்துக்கொண்டபோது, அதே கிளப்பின் முதல் அணிக்கு கோல்கீப்பர் யார் தெரியுமா? சாட்சாத் பீட்டர்தான். சின்ன வயதில் காஸ்பர் கூட பந்து உதைத்த பசங்களைப் பார்த்தாலும், ஸ்டீவ் புரூஸ் மகன், பால் இன்ஸ் மகன் என்று, அப்பா முன்பு ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் அணியின் வாரிசுப் பட்டியல் மாதிரியே இருக்கும். அப்பா போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு ஆடப் போனபோது பையன் அங்கே எஸ்டோரில் இளைஞர் அணியில் கையுறை மாட்டினான். இதெல்லாம் கார் ஓட்டுநர் வீட்டுப் பையனுக்குக் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பெயர் எதுவரைக்கும் கூட வந்தது என்று பாருங்கள். சிட்டி அவரை முதலில் அனுப்பியது டார்லிங்டனுக்கு, அப்புறம் பரி, அப்புறம் ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க். எல்லாம் லோன். வாடகை சைக்கிள் மாதிரி எடுத்துக்கொண்டு போய் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். 2007 ஆகஸ்டில் ஒருவழியாக வாய்ப்பு வந்தது. புதிய பயிற்சியாளர் ஸ்வென் கோரன் எரிக்சன் அவரை முதல் அணியில் நிறுத்தினார், வெஸ்ட் ஹாம், டெர்பி, மான்செஸ்டர் யுனைடெட் என்று வரிசையாக மூன்று ஆட்டத்தில் ஒரு கோல் கூட விடவில்லை. மூன்றாவது பெயரை இன்னொரு தடவை படியுங்கள். எட்டு சீசன் அப்பா காவல் காத்த யுனைடெட்டை, எதிரி அணியின் வலையில் நின்று, 1-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் மகன் இருந்தார், வயது இருபது. அடுத்த வாரம் ஆர்சனலிடம் தோற்றார்கள், அதிலும் வான் பெர்சி அடித்த பெனால்டியைத் தடுத்துவிட்டார். நமக்குத் தெரிந்த சினிமா கணக்கில் இங்கே இடைவேளை விட்டு, இரண்டாம் பாதியில் ஹீரோ உச்சத்துக்குப் போகவேண்டும்.

போகவில்லை. ஜோ ஹார்ட் என்ற இன்னொரு பையன் உள்ளே வந்தான், இவர் மறுபடி லோனில் கார்டிஃப், கோவென்ட்ரி என்று பெட்டி தூக்கினார். 2009ல் சிட்டி ஷே கிவன் என்ற பழுத்த கோல்கீப்பரையும் வாங்கிவிட்டது. இனி அங்கே உட்கார்ந்திருந்தால் பெஞ்சைத் தேய்க்கத்தான் முடியும் என்று தெரிந்தபோது காஸ்பர் செய்த காரியம்தான் எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம். நாட்ஸ் கவுண்டி என்ற கிளப்புக்குப் போனார். அது இருந்த லீகின் பெயர் லீக் டூ. பெயரைப் பார்த்து இரண்டாவது டிவிஷன் என்று நினைக்காதீர்கள், இங்கிலாந்துக் கணக்கில் அது நான்காவது தட்டு. நேற்றுவரை முதல் தட்டான பிரீமியர் லீக், இன்றைக்கு மூன்று படி கீழே.

அந்த கிளப்பின் கதையே தனி. மத்திய கிழக்குப் பணம் கொட்டப்போகிறது என்று யாரோ சொல்லி, எரிக்சனே அங்கே கால்பந்து இயக்குநராகப் போய் உட்கார்ந்தார், சால் கேம்பெல் என்ற பெரிய டிபென்டரையும் கூட்டி வந்தார்கள். கேம்பெல் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார், அதிலும் மோர்கேம்பிடம் தோற்றார்கள், மறுபடி அந்தப் பக்கமே வரவில்லை. கொட்டுவதாகச் சொன்ன பணம் கடைசிவரை வரவே இல்லை, 2010 பிப்ரவரியில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. ஆமாம், ஒரே ஒரு பவுண்டு, நம் ஊரில் டீயும் வடையும் சாப்பிடும் காசு. எரிக்சனும் கிளம்பிவிட்டார். காஸ்பர் கிளம்பவில்லை. சீசன் முடியும் வரை வலையில் நின்றார், அணி லீக் டூ சாம்பியன் ஆனது. அப்புறம்தான் "உன் சம்பளத்தை எங்களால் கொடுக்க முடியாது" என்கிற நிலைமை வந்து இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள். அடுத்து லீட்ஸில் ஒரு வருஷம். 2011ல் லெஸ்டர்.

லெஸ்டருக்கு அவரை அழைத்ததும் அதே எரிக்சன்தான். சிட்டி, நாட்ஸ் கவுண்டி, லெஸ்டர் என்று மூன்று இடத்திலும் ஒரே ஆள். ஆகவே சிபாரிசு என்று நீங்கள் சொல்வது சரி, ஆனால் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். அப்பா பெயரைப் பார்த்து ஒருவர் ஒரு தடவை கூப்பிடுவார். தினமும் பயிற்சியில் பார்த்தவர் மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் அதற்குப் பெயர் வேறு.

பீட்டரா, காஸ்பரா? மழுப்பாமல் ஒரு பெயர் சொல்லவும். — வாசகி, திருச்சி

பீட்டர்.

ஒரு வார்த்தையில் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம். 1992 ஐரோப்பியக் கோப்பைக்கு டென்மார்க் தகுதியே பெறவில்லை, யுகோஸ்லாவியாவை வெளியேற்றியதால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் அரையிறுதியில் நெதர்லாந்தை பெனால்டியில் வீழ்த்தினார்கள், வான் பாஸ்டன் அடித்ததைத் தடுத்தது பீட்டர். இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 2-0. யுனைடெட்டுக்கு ஐந்து லீக் பட்டம், 1999ல் ஒரே சீசனில் மூன்று கோப்பை, அதில் பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கேப்டன். கடைசி நிமிஷ கோல் விழுந்ததும் தன் பெனால்டி பகுதியில் தன்னந்தனியாகக் குட்டிக்கரணம் அடித்த அந்தப் பெரிய உருவத்தை யாரால் மறக்க முடியும். ஃபார்வர்டு நேருக்கு நேர் வந்தால் கை காலை நாலு திக்கிலும் விரித்துக்கொண்டு பாய்வாரே, அது ஹேண்ட்பால் ஆட்டத்திலிருந்து அவர் கொண்டு வந்த வித்தை. இன்றைக்கு எல்லா கோல்கீப்பரும் அதைச் செய்கிறார்கள், மகன் உட்பட.

அப்பா பக்கம் இவ்வளவு எழுதியதால் மகனுக்கும் ஒன்று. இருவருக்கும் முதல் பிரீமியர் லீக் பட்டம் உறுதியான தேதி மே 2. அப்பாவுக்கு 1993, மகனுக்கு 2016. இரண்டு தடவையும் அன்றைக்கு இவர்கள் அணி மைதானத்திலேயே இல்லை, போட்டிக்கு நின்ற அணி சறுக்கியதால் வீட்டில் இருந்தபடியே சாம்பியன் ஆனார்கள் (அங்கே ஆஸ்டன் வில்லா ஓல்டமிடம் தோற்றது, இங்கே டோட்டன்ஹாம் செல்சியோடு 2-2). இருவருக்கும் அன்று வயது 29. இருவருமே நவம்பரில் பிறந்தவர்கள் என்பதால் மாதக் கணக்கு கூடப் பொருந்துகிறது. ஜாதகம் பார்ப்பவர்களுக்கு நல்ல தீனி.

ஆனால் எதை வென்றார்கள் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. யுனைடெட் பெரிய கிளப், 26 வருஷமாகப் பட்டம் இல்லாமல் தவித்தாலும் பெரிய கிளப். லெஸ்டர் அதற்கு முந்தின சீசனில் கடைசி இடத்தில் கிடந்து தப்பிப் பிழைத்த அணி, பட்டம் வெல்லும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு 5000 தருகிறேன் என்று கடை விரித்தார்கள். அந்த சீசனின் 38 ஆட்டத்திலும் வலையில் நின்றவர் காஸ்பர். 2021ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் செல்சியை 1-0 என்று வென்றபோது கேப்டன் அவர்தான், கடைசிக் கட்டத்தில் மேசன் மவுண்ட் அடித்ததை ஒரு கையால் தட்டிவிட்டாரே, அது இல்லையென்றால் கோப்பை இல்லை. இருந்தாலும் பீட்டர்தான். உங்கள் கேள்விக்கு மழுப்பவில்லை.

கோல்கீப்பர் போய் கோல் அடிப்பதும் இவர்கள் குடும்ப வழக்கமா? — வாசகர், ஈரோடு

அப்பாவுக்கு வழக்கம். 1995ல் ரோட்டர் வோல்கோகிராட் என்ற ரஷ்ய அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் முன்னால் ஓடி வந்து தலையால் முட்டி 2-2 ஆக்கினார், 2001ல் ஆஸ்டன் வில்லாவுக்காக எவர்ட்டனிடம் இன்னொன்று. மகனும் 2014ல் யோவில் அணியோடு ஆடியபோது கடைசி நேரத்தில் அதே மாதிரி ஓடி வந்து அதே மாதிரி முட்டினார், பந்து உள்ளே போனது, ஆனால் கோட்டைத் தாண்டும் முன் சக ஆட்டக்காரர் கிறிஸ் வுட் கால் பட்டுவிட்டதாம். கணக்கில் வுட்டின் கோல். அப்பா மாதிரியே எல்லாம் செய்தும் பெயர் கிடைக்காத ஓர் அநியாயம் இது.

2018 உலகக் கோப்பையில் காஸ்பர் பெனால்டியைத் தடுத்தபோது டிவியில் அப்பாவைக் காட்டினார்களே, அது என்ன ஆட்டம்? — வாசகர், தூத்துக்குடி

டென்மார்க், குரோஷியா. ஜூலை 1, நிஸ்னி நோவ்கோராட். நம் நேரத்துக்கு இரவு 11.30 மணி ஆட்டம். நான் விழித்திருந்து பார்த்தேன், மறுநாள் அலுவலகத்தில் அதற்கான பலனை அனுபவித்தேன்.

நாலு நிமிஷத்துக்குள் ஆளுக்கு ஒரு கோல், 1-1. அதற்கப்புறம் சுமார் இரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் தூங்கப் போய்விட்டார்கள். 116வது நிமிஷம் குரோஷியாவின் ரெபிச் கோல்கீப்பரையும் தாண்டிவிட்டார், காலி வலை, பின்னால் வந்த டென்மார்க்கின் யோர்கென்சன் அவரைச் சாய்த்தார். பெனால்டி. அடிக்க வந்தவர் லூக்கா மோட்ரிச், அந்த வருஷம் உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கப்போகிறவர். காஸ்பர் தன் இடது பக்கம் விழுந்தார், பந்தைத் தட்டிவிடவில்லை, பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பெனால்டியைப் பிடிப்பது என்பது தடுப்பதைவிடப் பெரிய அவமானம், அடித்தவருக்கு.

அப்போதுதான் கேமரா கேலரிக்குப் போனது. 54 வயது பீட்டர் முஷ்டி இரண்டையும் இறுக்கிக்கொண்டு, வாயை அகலமாகத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். ஆடிய நாளில் தன் டிபென்டர்களைப் பார்த்து எப்படிக் கத்துவாரோ, அச்சு அசல் அதே முகம்.

பெனால்டி ஷூட்அவுட்டில் காஸ்பர் இன்னும் இரண்டைத் தடுத்தார், பாடெல்யுடையது ஒன்று, பிவாரிச்சுடையது ஒன்று. ஆக ஒரே இரவில் மூன்று. ஆனால் அந்தப் பக்கம் சுபாசிச் என்று ஒருவர் நின்றார், அவரும் மூன்று தடுத்தார், டென்மார்க் அடித்ததே இரண்டுதான் உள்ளே போனது. தோல்வி. ஆட்ட நாயகன் விருது காஸ்பருக்கு. அப்பா வான் பாஸ்டனின் ஒரு பெனால்டியைத் தடுத்து ஐரோப்பியக் கோப்பை தூக்கினார், பிள்ளை மோட்ரிச் உட்பட மூன்றைத் தடுத்துவிட்டு விமானம் ஏறி வீட்டுக்குப் போனார். (அதே போட்டியில்தான், டென்மார்க் அணிக்காகத் தொடர்ந்து அதிக நிமிஷம் கோல் விடாமல் நின்ற அப்பாவின் சாதனையையும் முறியடித்தார். இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.)

அப்பா பெயர் வேண்டாம் என்று சட்டையில் வேறு பெயர் போட்டுக்கொண்ட யாராவது உண்டா? — வாசகர், சேலம்

உண்டு. ஜோர்டி. அப்பா நெதர்லாந்தின் மாபெரும் ஆட்டக்காரர் யோஹான் கிரைஃப். இதைவிடப் பெரிய சுமை கால்பந்தில் யாருக்கும் இருந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெயரே ஒரு சண்டையில் பிறந்தது. கிரைஃப் பார்சிலோனாவுக்கு ஆடிக்கொண்டிருந்த காலம், ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சி. ஜோர்டி என்பது கட்டலான் (பார்சிலோனா பகுதியின் மொழி) பெயர், அதைப் பதிவு செய்ய அனுமதி கிடையாது, ஜோர்கே என்று ஸ்பானிஷில் வைத்துக்கொள் என்றார்கள். குழந்தை பிறந்தது ஆம்ஸ்டர்டாமில், 1974 பிப்ரவரி 9. அங்கேயே ஜோர்டி என்று பதிந்து, அந்தச் சான்றிதழைக் கொண்டு வந்து நீட்டினார் அப்பா, அதிகாரிகள் ஒன்றும் செய்ய முடியவில்லை. எட்டு நாள் கழித்து பார்சிலோனா மாட்ரிட்டுக்குப் போய் ரியல் அணியை 5-0 என்று உரித்தது, கிரைஃபும் ஒன்று அடித்தார். அந்த ஆட்டத்துக்காகவே பிரசவத் தேதியை முன்னால் தள்ளினார்கள் என்பது கட்டலான்காரர்கள் இன்றைக்கும் சொல்லி மகிழும் கதை.

பையன் வளர்ந்து பார்சிலோனா முதல் அணிக்கு வந்தபோது பயிற்சியாளர் அப்பாவேதான். நன்றாக ஆடினால் "அப்பா இருக்கிறார், ஆடுகிறான்", சரியாக ஆடாவிட்டால் "அப்பா இருப்பதால்தான் ஆடுகிறான்". எப்படிப் பார்த்தாலும் அப்பா. பல காலம் சட்டையில் கிரைஃப் என்று போடாமல் ஜோர்டி என்றே போட்டுக்கொண்டார். 1996ல் அப்பாவை கிளப் வெளியே அனுப்பியது, மகனும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார், அங்கே காயம், காயம், மறுபடி காயம்.

என்னைக் கேட்டால் ஜோர்டியின் உண்மையான ஆட்டம் அலாவேஸ் என்ற சின்ன கிளப்பில்தான். 2001ல் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஇஎஃப்ஏ கோப்பை இறுதி, எதிரே லிவர்பூல். நீங்கள் பார்த்ததில்லை என்றால் இன்றைக்கே தேடிப் பாருங்கள். 3-1 என்று பின்தங்கி, 3-3 ஆக்கி, மறுபடி 4-3 பின்தங்கி, ஆட்டம் முடிய ஓரிரு நிமிஷம் இருக்கும்போது கார்னரில் வந்த பந்தை ஜோர்டி தலையால் முட்டி 4-4. அப்புறம் கூடுதல் நேரத்தில் தங்கள் ஆளே தங்கள் வலைக்குள் முட்டி, கோல்டன் கோல் விதிப்படி அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. 5-4. தோற்ற அணியில் இருந்தாலும் அந்த ஒரு கோலை யாராலும் யோஹான் கணக்கில் எழுத முடியாது.

நான் ஒரு காலத்தில் லீக் ஆடியவன், ஸ்டாப்பர், அதாவது நடு டிபென்டர். என் பதிமூன்று வயது மகன் கோல்கீப்பராகத்தான் நிற்பேன் என்கிறான். கோல்கீப்பரை யார் கவனிப்பார்கள்? நானே பயிற்சி கொடுத்து டிபென்டர் ஆக்கலாமா? — வாசகர், வியாசர்பாடி

அண்ணே, விட்டுவிடுங்கள். உங்கள் பையன் உங்களைவிடப் புத்திசாலி. நீங்கள் ஆடிய இடத்தில் அவன் ஆடினால் தெருவில் ஒவ்வொருவரும் "உங்க அப்பா இந்தப் பந்தை விட்டிருக்க மாட்டாரு" என்பார்கள். காஸ்பர் படாத பாடு பட்டது இதனால்தானே, அதே இடம், அதே மஞ்சள் முடி, விழும்போது அதே சாயல். ஆனால் லிலியான் துராம் பிரான்சின் பெரிய டிபென்டர், 142 சர்வதேச ஆட்டம், அவர் மகன் மார்கஸ் ஃபார்வர்டு ஆகிவிட்டார். ஒருவர் தடுத்தவர், ஒருவர் அடிப்பவர், எப்படி ஒப்பிடுவீர்கள்? பெலேயின் மகன் எடின்யோ இன்னும் ஒரு படி மேலே போய், உலகமே கோல் அடிப்பதற்குக் கொண்டாடிய அப்பாவின் அதே சான்டோஸ் கிளப்பில் கோல்கீப்பராக நின்றார், 1995ல் அந்த அணி பிரேசில் லீக் இறுதி வரை போனது. எனக்கு அது பயங்கர குசும்பாகவே படுகிறது.

இன்னொன்று. கோல்கீப்பர் என்பவர் மெதுவாகப் பழுக்கிற பழம். காஸ்பர் டென்மார்க்குக்கு முதல் ஆட்டம் ஆடியது 26 வயதில், பெரிய பட்டம் வென்றது 29ல், அதற்கப்புறமும் நீஸ், ஆண்டர்லெக்ட், செல்டிக் என்று ஆடினார், நாட்டுக்கு 120 ஆட்டம் வந்துவிட்டது. பதிமூன்று வயதில் அவசரப்பட ஒன்றுமில்லை. நல்ல கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள், முழங்கைக்குப் பட்டை வாங்கிக் கொடுங்கள், நம் ஊர்த் தரையில் விழுந்தால் தோல் மிஞ்சாது. ஸ்டாப்பர் என்ற முறையில் சாயங்காலம் பத்து கார்னர் போட்டுக் கொடுங்கள். பயிற்சியாளர் வேலையை மட்டும் வேறு யாரிடமாவது விடுங்கள்.

அப்பாவும் மகனும் ஒரே அணியில் சேர்ந்து ஆடியது உண்டா? — வாசகி, புதுச்சேரி

ஆடாமல் போன ஒரு கதைதான் என் மனதில் நிற்கிறது. ஐஸ்லாந்தின் ஆர்னர் குட்யோன்சன், அவர் மகன் ஐடர். 1996 ஏப்ரல் 24, எஸ்தோனியாவின் தாலின் நகரில் ஒரு நட்பு ஆட்டம். அப்பாவுக்கு 34 வயது, பையனுக்கு 17. இருவரும் அணியில் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் பலகை தூக்கினார்கள், அப்பா வெளியே, அவருக்குப் பதிலாக மகன் உள்ளே. கோட்டருகே கை தட்டிக்கொண்டு ஒருவர் வர ஒருவர் போனார். அடுத்த ஆட்டத்தில், சொந்த மண்ணில், இருவரையும் சேர்த்தே இறக்கலாம் என்று திட்டம். அதற்குள் பையனுக்குக் கணுக்கால் உடைந்தது, இரண்டு வருஷம் ஆட்டமே போனது, அவர் திரும்பி எழுவதற்குள் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். ஐடர் பிறகு செல்சியில் லீக் பட்டம், பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் என்று எல்லாம் வென்றார். அப்பாவோடு ஒரு நிமிஷம் கூட ஆடவில்லை.

அப்பா பயிற்சியாளராக நிற்க மகன் கேப்டனாக ஆடியது வேண்டுமானால் மால்டினி வீடு, 1998 உலகக் கோப்பை, இத்தாலி. அந்த வீட்டுக் கணக்கு இன்னும் சுவையானது. 1963ல் மிலன் கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையை (கிளப்புகளுக்கானது, இன்றைய சாம்பியன்ஸ் லீக்) தூக்கியவர் அப்பா சேசரே, லண்டனில். சரியாக 40 வருஷம் கழித்து அதே மிலன் கேப்டனாக அதே கோப்பையைத் தூக்கியவர் மகன் பாவ்லோ, மான்செஸ்டரில். பாவ்லோ 16 வயதில் மிலனுக்கு முதல் ஆட்டம் ஆடியது உதினே ஊரில், 2024ல் அவர் மகன் டேனியல் இத்தாலிக்கு முதல் ஆட்டம் ஆடியதும் உதினே ஊரில். மூன்று தலைமுறை. பாவ்லோவின் 3ஆம் எண் சட்டையை மிலன் யாருக்கும் தருவதில்லை, அவர் மகன்கள் கேட்டால் மட்டும் தரலாம் என்று வைத்தார்கள். டேனியல் மிலனில் 27ஆம் எண் போட்டுக்கொண்டார். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

எர்லிங் ஹாலண்ட் அப்பாவும் ஆட்டக்காரராமே? — வாசகர், விழுப்புரம்

ஆல்ஃபி ஹாலண்ட். நார்வேக்காக 1994 உலகக் கோப்பை ஆடியவர், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், லீட்ஸ், மான்செஸ்டர் சிட்டி கிளப்புகளில் ஆடினார். மகன் எர்லிங் பிறந்ததே லீட்ஸில். அப்பாவை உலகம் ரொம்ப நாள் நினைவு வைத்திருந்தது 2001ல் ராய் கீன் அவர் முழங்காலில் போட்ட அந்தக் கொடூரமான உதைக்காக. மகன் 2022-23ல் அதே சிட்டிக்காக ஒரே லீக் சீசனில் 36 கோல் போட்ட பிறகு, அப்பாவை கேலரியில் பார்ப்பவர்கள் "எர்லிங் அப்பா" என்கிறார்கள். சட்டையில் இருக்கும் பெயர் இப்போது யாருடையது என்று அந்த வீட்டில் சந்தேகமே இல்லை.

நம்ம ஊருக்கு இந்த மாதிரி வாரிசு யாராவது வந்திருக்கிறார்களா? — வாசகர், சென்னை-11

மார்கோ மத்தராசி. சென்னையின் எஃப்.சி.க்கு பயிற்சியாளராக வந்து 2015ல் ஐஎஸ்எல் கோப்பை வாங்கிக் கொடுத்தவரின் அப்பா ஜுசெப்பே, ஆட்டக்காரராக இருந்து பிறகு லாட்சியோ வரை பல கிளப்புக்குப் பயிற்சியாளராக இருந்தவர். சுனில் சேத்ரிக்கு மாமனார் சுப்ரதா பட்டாச்சார்யா, மோகன் பகான் டிபென்டர். மாமனார் இந்தக் கணக்கில் சேருமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஷ்மைக்கேல் டேனிஷ் பெயர் மாதிரியே இல்லையே, ஜெர்மனியா? — வாசகர், நாகர்கோவில்

இல்லை. பீட்டரின் அப்பா அன்டோனி போலந்துக்காரர், அங்கிருந்து டென்மார்க்குக்கு வந்தவர், பெயர் அவரோடு வந்தது. கால்பந்துக்கும் அவருக்கும் தொழில் ரீதியாக எந்தச் சம்பந்தமும் இல்லை, ஜாஸ் பியானோ வாசிப்பவர். பீட்டரும் பியானோ வாசிப்பார், ஆனால் பிழைப்புக்கு அதை நம்பவில்லை. கால்பந்தில் காசு வரும் வரை முதியோர் இல்லத்தில் தரை துடைத்தார், வீடுகளுக்குக் கம்பளம் விரித்தார். அப்பா தொழிலை எடுத்துக்கொள்ளாத பிள்ளை என்று பார்த்தால் அந்த வீட்டில் அது பீட்டர்தான்.